தவிட்டு நிறம்

பத்தொன்பது வருடம் அந்தக் கத்தி என் வீட்டு இரும்பு அலமாரியின் மேல்தட்டில் கிடந்தது. போன மாதம்தான் கை மாறியது. பிடியோடு சேர்த்து இருபத்திரண்டே கால் அங்குலம், பிடியை விட்டால் பதினாறரை. பள்ளங்கியில் தெரிந்த கடைத் தராசில் ஒருமுறை வைத்துப் பார்த்தேன், எழுநூற்று எண்பது கிராம் இருந்தது. இந்த மலையில் ஈரத்துக்குத் தப்பும் பொருள் எதுவுமில்லை. கதவுக் கீல், குடைக்கம்பி, ஜன்னல் கொக்கி எல்லாம் துருவேறிக் கிடக்கின்றன. என் முழங்கால்களும் அந்தக் கணக்கில்தான் சேரும். ஆனால் அந்தக் கத்தியில் ஒரு புள்ளி துரு கிடையாது. மாதம் தவறாமல் முதல் தேதி தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து வைப்பேன். துடைக்கும்போதெல்லாம் என் முகம் அதில் தெரியும். கண்ணாடியில் தெரிவதைவிடத் தெளிவாகத் தெரியும். அந்தப் பளபளப்பு என் வேலை. கத்தி என் வேலையல்ல. வெட்டும் விளிம்பை எங்கள் பக்கம் வாய் என்று சொல்வோம். அதன் வாயில், வளைவு தொடங்கும் இடத்தில், நாலு விரல் அகலத்துக்கு இரும்பு ஒரு பக்கமாக மடிந்திருந்தது. அதுவும் என் வேலைதான்.

கத்தியைச் செய்தவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். ஆடலூருக்குக் கீழே, மிளகுக் கொடிகளுக்கு நடுவில், தகரம் வேய்ந்த பட்டறை வைத்திருந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியில் தொழிற்கூட வாத்தியார். முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்கு அரம் பிடிக்கவும் இரும்பைத் தேய்க்கவும் சொல்லிக்கொடுத்தேன். அதனால் அவருடைய தொழிலும் என்னுடையதும் ஒன்று என்று உறவுக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். அது சரியில்லை. நான் அளந்து பார்த்து வேலை செய்கிறவன். அவர் கண்ணால் பார்த்துச் செய்கிறவர். எங்கள் வீட்டுக்கு வந்தால் நான் காப்பிக்குச் சர்க்கரையைக் கரண்டிக் கணக்கில் போடுவதைப் பார்த்துச் சிரிப்பார். நான் போனால் உலைக்கு முன்னால் ஒரு மரக்கட்டையைப் போட்டு உட்காரவைத்து, "எண்ணுங்க மாப்ள, எதையாவது எண்ணுங்க, சும்மா இருந்தா உங்களுக்குத் தூக்கம் வந்துரும்" என்பார். நான் எண்ணுவேன். அதில் எனக்கு வெட்கமில்லை, இன்றைக்கும் இல்லை.

அவரோடு சம்மட்டி அடித்தது அவருடைய மனைவி. எனக்குத் தங்கச்சி முறை, என்னை அண்ணே என்பார். மெலிந்த உடம்பு, ஆனால் எட்டுப் பவுண்டு சம்மட்டியை அவர் தூக்கிப் போடும்போது ஒரு அடி இடம் மாறி விழாது. காற்றுச் சக்கரத்தைச் சுற்றுவதும் அவர்தான், கரி அள்ளிப் போடுவதும் அவர்தான். இரும்பின் நிறத்தை மச்சான் பார்த்த அளவுக்கு அவரும் பார்த்திருக்கிறார். இந்த விஷயத்தை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் ஓய்வுபெற வேண்டிய வருடம் அது. தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் நிழல் மரங்களைக் கவ்வாத்துச் செய்ய, அதாவது கிளை கழிக்க, கத்திகள் வேண்டும் என்று அந்தத் தோட்டத்து மேனேஜர் பள்ளிக்கு வந்தபோது பேச்சுவாக்கில் சொன்னார். கடைக் கத்திகள் ஒரு பருவம்கூடத் தாங்கவில்லையாம். ஆள் கணக்கு அறுபத்து நாலு. நான் மச்சானைப் பற்றிச் சொன்னேன். மாதிரிக்கு ஒரு கத்தி கொண்டுவரச் சொன்னார்.

மச்சானுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியாளுக்குப் புரியாது. வாழ்நாள் முழுக்க அவர் செய்தது மண்வெட்டிக்கு முனை வைப்பது, உடைந்த அரிவாளை ஒட்டுவது, அடுத்தவன் செய்த பொருளைப் பழுது பார்ப்பது. அவருக்கென்று ஒரு முத்திரை இருந்தது, மூன்று புள்ளி. அதை வெட்டி வைத்து இருபது வருடம் ஆகியும் விரல்விட்டு எண்ணும் அளவுதான் அதற்கு வேலை கிடைத்திருந்தது. அறுபத்து நாலு கத்தியில் அந்த மூன்று புள்ளி இறங்கும், மலையெங்கும் ஆட்களின் இடுப்பில் அது தொங்கும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். கூலியைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. நான்தான் கேட்டுக்கொண்டு வந்து சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை வெள்ளனே ஆரம்பித்தார்கள். லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டு. உலையில் வைத்து, செக்கச் சிவந்ததும் குறட்டால் எடுத்துக் கல்லில் வைப்பார். அவருடைய சின்னச் சுத்தியல் இடத்தைக் காட்டும், தங்கச்சியின் சம்மட்டி அந்த இடத்தில் விழும். இருவரும் பேசுவதில்லை. பத்தொன்பது முறை காய்ச்சினார்கள். நானூற்றுப் பன்னிரண்டு அடி. மத்தியானத்துக்குள் பட்டை கத்தியாகிவிட்டது, முதுகு தடித்து, வாய் மெலிந்து, முனையில் கழுகு மூக்கு மாதிரி ஒரு வளைவோடு.

பிறகு தோய்ச்சல். இரும்புக்கு உறுதி ஏற்றுவது அதில்தான் இருக்கிறது. பட்டறைக் கதவைச் சாத்தினார். வெளிச்சத்தில் நிறம் பொய் சொல்லும் என்பார். கத்தியைப் பழுக்கக் காய்ச்சி, வாயை மட்டும் ஒரு விரல் ஆழத்துக்குத் தண்ணீரில் காட்டி எடுத்தார். அப்போது வாய் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும், தட்டினால் உடையும். ஆனால் முதுகில் இன்னும் சூடு இருக்கிறது. அந்தச் சூடு மெல்ல வாயை நோக்கி இறங்கும். உடைந்த சாணைக்கல் துண்டால் வாயை வெள்ளையாகத் தேய்த்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் வைக்கோல் மஞ்சள் ஓடி வந்தது. அதன் பின்னால் தவிட்டு நிறம். அதற்கும் பின்னால் கத்தரிப்பூ நிறம், கடைசியில் நீலம். மரம் வெட்டும் கத்திக்குத் தவிட்டு நிறம் வாயைத் தொடும்போது முழுக்கத் தண்ணீரில் அமுக்கிவிட வேண்டும். நீலம் வந்து சேர்ந்தால் வாய் தளர்ந்துவிடும். நான் விநாடியை எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டில் அமுக்கினார். நான் பையிலிருந்த நோட்டில் எழுதிக்கொண்டேன். "முப்பத்தெட்டுன்னு எழுதிட்டீங்களா? அடுத்த கத்திக்கு நாப்பதாகும், அதுக்கடுத்ததுக்கு முப்பதாகும்," என்றார். தங்கச்சி சிரித்தார்.

தீட்டி முடித்த கத்தியைக் கையில் வாங்கியபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வாய் மட்டும் ஒரு நூல் அகலத்துக்கு வெள்ளையாக இருந்தது. மற்றதெல்லாம் உலைக் கறுப்பு. சுத்தியல் தழும்பு இடப்பக்கத்தில் மட்டும் ஐம்பத்தேழு. சூட்டோடு எண்ணெய் தடவியதில் ஒரு கரிய மினுமினுப்பு இருந்தது, அவ்வளவுதான். எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளை இப்படி ஒரு வேலையைக் கொண்டுவந்து நீட்டினால் நான் பத்துக்கு நாலு போடுவேன். மேனேஜர் கடைக் கத்தியைப் பார்த்துப் பழகியவர், முதலில் கண்தான் தீர்மானிக்கும், இப்படிக் கொடுக்கக்கூடாது என்று சொன்னேன். மச்சான் வாதாடவில்லை. "கெளை வெட்டுற கத்தியில மொகம் பாக்கப் போறாகளா?" என்று கேட்டார். பிறகு நான் படித்தவன், அந்த மாதிரி ஆட்களோடு பழகுகிறவன் என்பதற்காக விட்டுக்கொடுத்தார். கத்தியைச் சாக்குத் துணியில் சுற்றி என்னிடம் தரும்போது ஒன்று மட்டும் சொன்னார்: "பக்கத்தத் தேச்சுக்கங்க மாப்ள. கையால தேய்ங்க. மிசினு வேண்டாம். வாய்ப்பக்கம் போகவே போகாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தொழிற்கூடத்தைத் திறந்துகொண்டேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் எண்பதாம் நம்பர் உப்புத்தாளில் முந்நூறு இழுப்பு. பிறகு நூற்றிருபது, இருநூற்றிருபது, நானூறு, அறுநூறு, ஆயிரம். ஒரு தாளின் கீறல் ஒரு திசை என்றால் அடுத்த தாளை அதற்குக் குறுக்கே இழுப்பேன், முந்தைய கீறல் மறையும்வரை. இதில் நான் கெட்டிக்காரன். அதை இப்போது சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை. சாயங்காலம் நாலரைக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் போல ஆகிவிட்டன. மூன்று புள்ளி முத்திரை மட்டும் கறுப்பாக நின்றது, அழகாக இருந்தது. ஆனால் வாயை ஒட்டி, அவர் தேய்த்த வெள்ளைக்கும் நான் தேய்த்த வெள்ளைக்கும் நடுவில், நான் தொடாமல் விட்ட இடத்தில் ஒரு அழுக்குக் கோடு தெரிந்தது. நகத்தளவு அகலம்கூட இருக்காது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. காலையில் ஒன்பது மணிக்குத் தோட்டத்தில் இருக்க வேண்டும். கை ஓய்ந்துபோயிருந்தது. மூலையில் பளபளப்பேற்றும் மிஷின் நின்றது.

ஒரு நிமிடம் என்று நினைத்துத்தான் ஸ்விட்சைப் போட்டேன். துணிச் சக்கரத்தில் கத்தியை அழுத்திப் பிடித்தேன். வளைவு தொடங்கும் இடத்தில் கோடு பிடிவாதமாக இருந்தது, நான் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். எடுத்துப் பார்த்தபோது அங்கே நீலம் ஏறியிருந்தது. நாலு விரல் அகலம். மயில் கழுத்தின் நீலம். அது என்ன என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. முப்பத்தொரு வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன், நீலம் வந்தால் உறுதி போயிற்று என்று.

நீலம் என்பது இரும்பின் மேல்தோல் மட்டும். தேய்த்தால் போய்விடும். தளர்ச்சி உள்ளே இருக்கிறது, அது தேய்த்தால் போகாது. ஆயிரம் நம்பர் தாளில் இருபத்தேழு இழுப்பில் நீலம் காணாமல் போயிற்று. பாலிஷ் தடவித் துடைத்தேன். உலகத்தில் எந்தக் கண்ணும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. மேலோடு போன சூடாக இருக்கும், ஆழமாக இறங்கியிருக்காது, நாலு விரல் இடம்தானே என்று சொல்லிக்கொண்டே பூட்டினேன். மச்சானிடம் போய்ச் சொல்லியிருந்தால் மறுபடி தோய்ச்சல் போட்டிருப்பார். ஒரு நாள் தள்ளிப்போயிருக்கும், என் பளபளப்பு தீயில் போயிருக்கும். இந்த இரண்டுக்காகத்தான் நான் சொல்லவில்லை. வேறு காரணம் தேடிப் பார்த்திருக்கிறேன், கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை தோட்டத்தில் மேனேஜர் கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஷோகேஸ்ல வைக்கலாம் சார் இதை," என்றார். மச்சான் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், நீங்கள் சொன்னது சரிதான் என்பதுபோல. ஒரு கவ்வாத்து ஆள் சில்வர் ஓக் கிளை ஒன்றில் வெட்டிக் காட்டினான். முதல் இரண்டு வெட்டு முனைப்பக்கம் விழுந்தது, இரண்டும் ஆழமாக இறங்கியது. மூன்றாவது வெட்டு வளைவில் விழுந்தது. சத்தமே வேறு மாதிரி கேட்டது. அவன் கத்தியை எடுத்துப் பார்த்துவிட்டு மற்றவர்கள் பக்கம் காட்டி, "ஏலே, இங்க பாருங்கடா, கத்தி வெக்கப்பட்டுத் தலையக் குனிஞ்சிருச்சு," என்றான். சுற்றியிருந்த பத்துப் பதினோரு பேரும் சிரித்தார்கள். மேனேஜர், "சொன்னேன்ல, ஷோகேஸுக்குத்தான்," என்றார். அவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார், கெட்ட மனிதர் இல்லை.

மச்சான் கத்தியை வாங்கி மடிந்த இடத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாக ஒரு மரத்தடிக்குக் கூட்டிப்போனார். கோபமாகக் கேட்கவில்லை. "மாப்ள, மிசின்ல வச்சீங்களா?"

"இல்ல மச்சான். கையாலதான் தேச்சேன். ஒரு தாளுக்கு முந்நூறு இழுப்பு, எண்ணித்தான் தேச்சேன்."

அவர் மடிந்த இடத்தில் விரலை மறுபடி ஓட்டினார். "அப்ப என் கண்ணுதான்," என்றார். "நீலத்தப் போயித் தவிடுன்னு பாத்திருக்கேன்."

அதற்குப் பிறகு அவர் ஒரு கத்தியும் அடிக்கவில்லை. இன்னொன்று அடித்துப் பாருங்கள் என்று நான் நாலைந்து முறை சொல்லியிருப்பேன். இன்னொன்று அடித்தால் அது நன்றாக வரும், என் பொய்யும் வெளிப்படாமல் அவர் வேலையும் நடக்கும் என்பது என் கணக்கு. அவர் மறுத்தார். மரத்து மேல் நின்று வெட்டுகிறவன் கையில் இருக்கும் பொருள், ஒருமுறை தப்பாகப் பார்த்த கண்ணை நம்பி இன்னொருவன் காலைப் பணயம் வைக்க முடியாது என்றார். கத்தி கேட்டு வந்தவர்களையெல்லாம் கண் போய்விட்டது என்று அவரே சொல்லித் திருப்பி அனுப்பினார். தோய்ச்சல் வேண்டாத வேலையாகப் பார்த்து எடுத்துக்கொண்டார். வாரத்தில் மூன்று நாள் கொடைக்கானல் ஏரிக்கரையில், சுற்றுலாக்காரர்களைச் சுமக்கும் குதிரைகளுக்கு லாடம் அடித்தார். லாடத்துக்கு நிறம் பார்க்க வேண்டியதில்லை. அங்கே அவரை ஏய் லாடம் என்று கூப்பிட்டார்கள். நான் சந்தைக்குப் போகும் வழி அது. வழியை மாற்றிக்கொண்டேன், இருநூற்றைம்பது காலடி அதிகம்.

ஒருமுறை வத்தலக்குண்டில் கண் சிகிச்சை முகாம் நடந்தது, நான்தான் வற்புறுத்தி அழைத்துப் போனேன். டாக்டர் நிறப் புத்தகம் வரைக்கும் வைத்துச் சோதித்துவிட்டு, வயசுக்கு இது அருமையான கண், படிக்க மட்டும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. நான் வாயைத் திறக்காமலே காரியம் முடிந்துவிட்டது என்று பட்டது. பஸ்ஸில் திரும்பும்போது மச்சான் சொன்னார், "புத்தகத்து நிறம் வேற மாப்ள, நெருப்பு நிறம் வேற. அந்த டாக்டரு என்ன, பட்டறையிலயா இருந்தாரு?" கண்ணாடியை வாங்கி வைத்துக்கொண்டார். படிக்க அவரிடம் ஒன்றுமில்லை.

அந்தக் கத்தியை அவர் வைத்துக்கொள்ள விரும்பவில்லை. உருக்கிவிடலாம் என்றார். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏன் என்று என் மனைவி கேட்டாள், அண்ணன் நினைவாக என்றேன். அவள் இறந்து எட்டு வருடமாகிறது. அவளிடமும் நான் சொல்லவில்லை.

மச்சான் போன வருடம் ஐப்பசி மழையில் போனார், எழுபத்தெட்டு வயது. முதல் வருட நினைவு ஜெபத்துக்கு ஆடலூர் போயிருந்தேன். எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு தங்கச்சி எனக்கு ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். எதற்கோ பேச்சு அடுப்பைப் பற்றிப் போனது. கடைசிவரைக்கும் மச்சான் காலையில் எழுந்ததும் கேஸ் அடுப்பில் ஒரு கம்பியைக் காய்ச்சிப் பிடித்துக்கொண்டு, என்ன நிறம் தெரியுது என்று தங்கச்சியைக் கேட்பாராம். தங்கச்சி சொன்னதும், தனக்கும் அதேதான் தெரிகிறது என்பாராம். "ஒரு நாளு கூட மாறி வரல அண்ணே. அப்பவும் நம்ப மாட்டாரு. என்னையத் தேத்துறதுக்காக நீ நான் சொல்லுறதயே திருப்பிச் சொல்லுறேம்பாரு. நான் முன்னாடி சொன்னாலும் அதேதான்."

அப்போதுதான் சொன்னேன். பத்தொன்பது வருடம் வாயில் வராதது எட்டு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. தங்கச்சி அழவில்லை, கத்தவும் இல்லை. காப்பி டம்ளரின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார். "அன்னிக்குச் சாயங்காலமே அவர்கிட்டச் சொன்னேன். தவிடுதான், நானும் பாத்தேன், அண்ணன் மிசின்ல வச்சிருப்பாருன்னு. என்னைய அடிக்கக் கைய ஓங்கிட்டாரு. கல்யாணம் ஆனதுல இருந்து அன்னிக்கு ஒரு நாளுதான் கைய ஓங்குனாரு. எண்ணிச் சொல்லுற மனுசன், அவரு போயிப் பொய் சொல்லுவாரான்னு கேட்டாரு. அதுக்கப்புறம் நான் அந்தப் பேச்சையே எடுக்கல."

பிறகு, கத்தி எங்கே கிடக்கு என்று கேட்டார். கொண்டாங்க என்றார்.

அடுத்த வியாழக்கிழமை படுக்கை விரிப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு பண்ணைக்காடு வழியாகப் போனேன். தங்கச்சி உலையில் தீ மூட்டி வைத்திருந்தார். எழுபத்தொரு வயது. என்னைக் காற்றுச் சக்கரத்தைச் சுற்றச் சொன்னார். பிடியைக் கழற்றி, மடிந்த வாயைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, தீயில் வைத்தார். நான் பத்தொன்பது வருடம் எண்ணெய் போட்டுக் காப்பாற்றிய பளபளப்பு கொஞ்ச நேரத்தில் மங்கி, கறுத்து, செதிலாக உதிர்ந்தது. கதவைச் சாத்தி, வாயைத் தண்ணீரில் காட்டி, கல்லால் தேய்த்து, "வாங்க அண்ணே, வந்து பாத்துக்கங்க," என்றார். மஞ்சள் ஓடியது. தவிடு வந்தது. அமுக்கிவிட்டார். தீட்டியபின் பட்டறைக்குப் பின்னாலிருந்த சில்வர் ஓக்கில் முழங்கை கனத்துக்கு ஒரு கிளையை வெட்டினார். அத்தனை வெட்டும் அந்த வளைவிலேயே விழும்படி வெட்டினார். கிளை கீழே விழுந்ததும் வாயை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஒரு மயிரிழை மடியவில்லை.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"ஊரு பூராவும் அவருக்குக் கண்ணு கெட்டுப்போச்சுன்னுதான் பேச்சு. அவரு வாயாலயே சொல்லிப் பரப்புன பேச்சு. நான் இல்லைன்னு சொன்னா, பொண்டாட்டிதான, அப்படித்தான் சொல்லுவாம்பாக. நீங்க எழுதுங்க. நீங்க எழுதுனா நம்புவாக. அவரே நம்பிட்டாருல்ல."

கத்தி அவரிடம் இருக்கிறது. விறகு வெட்டுகிறார். நான் போய் மூன்று வாரமாகிறது, கூப்பிடவில்லை, கூப்பிடுவார் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. எழுதச் சொன்னதை எழுதிவிட்டேன். ஆடலூரிலோ தாண்டிக்குடியிலோ ஏரிக்கரையிலோ அவரை அறிந்தவர்கள் இதைப் படித்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு என் மச்சான் பார்த்தது தவிட்டு நிறம்தான். மிகச் சரியாகப் பார்த்தார். நீலம் வந்தது என் கையில்.